60% வேணும்னு கொண்டுவந்த திருத்தத்துக்கே கெடைச்சது 57.8% தான் (ஃப்ளோரிடா ஓட்டுரிமைக் கதை, கொஞ்சம் நீளம்)

ஆர்லாண்டோ_ராசு:
மக்களே, ரொம்ப நாளா மனசுல கெடக்குற ஒரு சந்தேகம். நான் சிட்டிசன் ஆகி மொதல் ஓட்டு போட்டது 2018 நவம்பர்ல. நம்மூர் மாதிரி சின்னத்தப் பார்த்து ஒரு பட்டன அமுக்கிட்டு வரலாம்னு போனா கைல நீளநீளமா தாள் தாளா குடுக்குறாங்க, கவர்னர், செனட்டர், ஜட்ஜுகள வச்சுக்கலாமா வேணாமான்னு எல்லாம் முடிஞ்சு திருப்பிப் பார்த்தா மாநில அரசியலமைப்புத் திருத்தம் மட்டும் 12 இருக்கு. அதுல ஒண்ணு கடல்ல எண்ணெய்க்குத் துளை போடக்கூடாதுங்கறதும் ஆபீஸுக்குள்ள இ-சிகரெட் ஊதக்கூடாதுங்கறதும் ஒரே கேள்வி! ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஆமா இல்ல. சாம்பாரும் ஐஸ்கிரீமும் ஒரே தட்டுல வச்சு வேணுமா வேணாமான்னு கேட்ட மாதிரி.

என் சந்தேகம் 4வது திருத்தம் பத்தி. ஃபெலனி, அதாவது பெரிய குற்றத்துல தண்டனை ஆனவங்க தண்டனைய முடிச்சுட்டா ஓட்டுரிமை தானாத் திரும்பி வரணும்ங்கறது, கொலையும் பாலியல் குற்றமும் மட்டும் விலக்கு. 64.5% பேர் ஆமான்னு குத்துனோம். என்கூட குடோன்ல டிஸ்பாட்ச் பாக்குற அண்ணன் ஒருத்தரு, இளவயசுல செஞ்ச தப்புக்கு உள்ள இருந்துட்டு வந்தவரு, ரிசல்ட் அன்னிக்கு கண்ணத் தொடச்சுக்கிட்டதை நானே பார்த்தேன். 2019ல வோட்டர் கார்டும் வந்துச்சு அவருக்கு. போன தேர்தலப்போ போட்டீங்களாண்ணேன்னு கேட்டா "வேணாம்ப்பா, எதுக்கு வம்பு, எவ்ளோ பாக்கின்னே எனக்குத் தெரியாது"ங்கறாரு. 50 லட்சத்துக்கு மேல ஜனம் ஓட்டுப் போட்டு நிறைவேத்துன ஒண்ணு எப்படிய்யா இந்த கதிக்கு வந்துச்சு?

கோயமுத்தூரான்:
ஏனுங்க, அதுக்கு முன்ன அடிப்படையச் சொல்லுங்க. சட்டசபை இருக்கறப்ப ஜனங்க எப்படி நேராத் திருத்தம் கொண்டுவர முடியுமுங்க? நம்மூர்ல கிராம சபைத் தீர்மானமே பேப்பர்ல தூங்குது.

செல்வி_மயாமி:
தம்பி இது நான் சொல்றேன், 2017ல ஒரு வருஷம் முழுக்க சனிக்கிழமை ஆனா மடக்கு டேபிள தூக்கிட்டு லைப்ரரி வாசல்ல நின்ன ஆளு நானு.

அமெரிக்காவுல எல்லா மாநிலத்துலயும் இது கிடையாது. சவுத் டகோட்டால 1898ல ஆரம்பிச்சுது, ஆரிகன் 1902, கலிபோர்னியா 1911. இப்ப இருபதுக்கு மேல மாநிலத்துல ஜனங்க கையெழுத்து வாங்கி நேராக் கேள்வியை ஓட்டுக்கு விடலாம். ஃப்ளோரிடால ஒரு கூத்து என்னன்னா சாதாச் சட்டமா கொண்டுவர வழியே கிடையாது, அரசியலமைப்பைத்தான் திருத்த முடியும். அதனாலதான் 2002ல சினைப்பன்றிய திரும்பக்கூட முடியாத கூண்டுல அடைக்கக் கூடாதுன்னு ஜனங்க விரும்புனப்போ அதுவும் அரசியலமைப்புக்குள்ளயே போய் உக்காந்துச்சு. இன்னும் சில பேரு அதச் சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க. பன்றி மேல தப்பு இல்ல, வேற கதவு திறக்கல அவ்ளோதான்.

வழிமுறை இப்படி. முந்தின ஜனாதிபதி தேர்தல்ல விழுந்த ஓட்டுல 8% அளவுக்குக் கையெழுத்து வேணும், 2018க்கு அது 7,66,200. அதுவும் ஒரே ஊர்ல வாங்கிட்டு வந்தா ஆகாது, பாதி காங்கிரஸ் தொகுதிலயாவது (நம்மூர் எம்.பி. தொகுதி மாதிரி) அந்த 8% வரணும். தலைப்பு 15 வார்த்தைக்கு மேல போகக்கூடாது, சுருக்கம் 75 வார்த்தை. ஒரு விஷயத்தைத்தான் தொடலாம். (ராசு, எண்ணெயும் சிகரெட்டும் சேர்ந்தது எப்படின்னா அது கையெழுத்து வழியா வந்ததில்ல, 20 வருஷத்துக்கு ஒருக்கா கூடுற அரசியலமைப்புச் சீராய்வுக் குழு போட்டது, அவங்களுக்கு அந்த விதி கிடையாது.) ஓரளவு கையெழுத்து சேர்ந்ததும் மாநில சுப்ரீம் கோர்ட் வாசகத்தைப் பார்க்கும். அதுக்கப்புறம் தேர்தல்ல 60% வாங்கணும்.

கையெழுத்துன்னா சும்மா கிறுக்குறது இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு ஃபாரம். 2017ல அதுல பேரு, முகவரி, பொறந்த தேதி இல்லன்னா வோட்டர் நம்பர், கையெழுத்து, தேதி எல்லாம் கேட்டாங்க. அதை கவுண்டி (மாவட்டம் மாதிரி) தேர்தல் ஆபீஸ்ல ஃபைல்ல இருக்குறதோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. நம்ம ஆளுங்க ஃபாரம்தான் பெரிய தலைவலி. ஒருத்தர் வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன்ல தமிழ்ல கையெழுத்து போட்டிருக்காரு, எங்கிட்ட இங்கிலீஷ்ல போடுறாரு. இன்னொருத்தருக்கு அப்பா பேருதான் லாஸ்ட் நேம், ஃபாரத்துல பழக்கதோஷத்துல இனிஷியல முன்னாடி போட்டு எழுதிட்டாரு. அய்யா லைசென்ஸ எடுங்க, அதுல எப்படி இருக்கோ அப்படி எழுதுங்கன்னு சொல்லிச் சொல்லி தொண்டை வத்திப் போச்சு.

விடாக்கண்டன்:
எல்லாம் சரி. ஆனா ராசு ஏதோ ஏமாத்திட்டாங்கன்னு சொல்ற மாதிரி இருக்கே, திருத்தத்துல என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் படிச்சீங்களா? "பரோல், புரொபேஷன் உட்பட தண்டனையின் எல்லா அம்சங்களையும் முடித்த பிறகு"ன்னு இருக்கு (புரொபேஷன்னா கண்காணிப்புல வெளிய விடுறது). அபராதம் தண்டனைல ஒரு பகுதி. கட்டல, அப்ப முடிக்கல. இதுல என்ன அநியாயம்?

ஹைகோர்ட்_படிக்கட்டு:
கண்டன் சொல்றதுல பாதி சரி, ஒத்துக்கணும். 2017 மார்ச்ல மாநில சுப்ரீம் கோர்ட்ல வாசகத்தைப் பார்த்தப்போ ஒரு நீதிபதி நேராவே கேட்டாரு, அபராதம் முழுசா கட்டுறதும் இதுல அடங்குமான்னு, திருத்தத்துக்காக வாதாடுன வக்கீலே ஆமான்னுட்டாரு. எங்க தொழில்ல ஒரு பயம் உண்டு, பெஞ்சைச் சமாதானப்படுத்த அந்த நேரத்துல சொல்ற ஒத்தை வார்த்தை ரெண்டு வருஷம் கழிச்சு நம்ம கழுத்தையே பிடிக்கும். இங்க அச்சு அசலா அதுதான் நடந்துச்சு. 2019ல சட்டசபை ஒரு சட்டம் போட்டுச்சு, எஸ்.பி. 7066 (எஸ்.பி.ன்னா செனட் மசோதா), ஜூன் கடைசில கவர்னர் டிசாண்டிஸ் கையெழுத்துப் போட்டாரு. அபராதம், கோர்ட் ஃபீஸ், நஷ்ட ஈடு எல்லாம் கட்டி முடிச்சாத்தான் தண்டனை முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. நீதிபதி அந்தக் கடனை சிவில் பாக்கியா மாத்தி விட்டிருந்தாக்கூட கணக்குல வராது. மாநில சுப்ரீம் கோர்ட்டும் 2020 ஜனவரில, ஆமா வாசகத்துக்கு அதுதான் அர்த்தம்னு கருத்து சொல்லிடுச்சு.

விடாக்கண்டன்:
பாத்தீங்களா.

செல்வி_மயாமி:
பாதி சரின்னுதான் சொன்னாரு, முழுசா இல்ல.

அபராதம் வேற, ஃபீஸ் வேற. அபராதம் ஜட்ஜ் தண்டனையா விதிக்கிறது. ஃபீஸ்ங்கறது கோர்ட் நடத்துற செலவ குற்றவாளி தலைல கட்டுறது. 1998ல இதே ஃப்ளோரிடா ஜனங்க ஓட்டுப் போட்ட இன்னொரு திருத்தத்தாலதான் கோர்ட் கிளார்க் ஆபீஸ் செலவெல்லாம் ஃபீஸ் வசூல்ல ஓடணும்னு ஆச்சு. இலவச வக்கீல் வேணும்னு விண்ணப்பிக்கவே 50 டாலர். ஏழைன்னு நிரூபிக்க ஃபீஸ்! கட்டலன்னா வசூல் ஏஜென்சிகிட்ட போகும், அவங்க மேல 40% வரைக்கும் போடலாம். நான் ஃபாரம் வாங்கி நின்னப்போ இதைப் பத்தி யாருமே என்கிட்ட கேக்கல, எனக்கும் சொல்லத் தெரியாது, அதுவும் உண்மை. ஜெயிலு, புரொபேஷன் முடிஞ்சவங்கன்னுதான் நாங்க ஜனங்ககிட்ட பேசினோம்.

ஆர்லாண்டோ_ராசு:
அதான் என் பாயிண்ட். பாக்கி இருந்தா கட்டுன்னு சொல்றது ஒரு விஷயம். எவ்ளோ பாக்கின்னு சொல்லாம கட்டுன்னா?

ஹைகோர்ட்_படிக்கட்டு:
அது தீர்ப்புலயே இருக்கு. ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் ராபர்ட் ஹிங்கிள், 2020 மே, நூறு பக்கத்துக்கு மேல. நான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து படிச்சேன், த்ரில்லர் தோத்துச்சு. ஒரு பேராசிரியை ஆராய்ச்சி மாணவர்களோட சேர்ந்து 153 பேரை குலுக்கல் மாதிரி எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் எவ்ளோ பாக்கின்னு அரசாங்க ஆவணத்துலயே தேடுறாங்க. ஒரு எடத்துல ஒரு தொகை, இன்னொரு எடத்துல வேற தொகை. முரண்பாடே இல்லாம கெடைச்சது எத்தனை பேருக்கு தெரியுமா? 3. நூத்தி அம்பத்து மூணுல மூணு! பழைய கேஸ்னா தீர்ப்பு நகலே கெடைக்கறது கஷ்டம். அரசாங்கத்துக்கிட்டயே முறை கிடையாது, சரிபார்க்க வேண்டிய விண்ணப்பம் 85,000 தேங்கிக் கெடக்கு, அதுல ஒண்ணக்கூட முடிக்கல. இந்த வேகத்துல போனா 2026, புது விண்ணப்பம் சேர்ந்தா 2030கள் வரைக்கும் போகும்னு ஜட்ஜ் எழுதியிருக்காரு. காசு கட்டுனா ஓட்டுங்கற ஏற்பாடு இதுன்னு சொல்லி, கட்ட வசதி இல்லாதவங்களும் எவ்ளோ பாக்கின்னு தெரிஞ்சுக்க முடியாதவங்களும் ஓட்டுப் போடலாம்னு தீர்ப்பு.

நிக்கல. அதே வருஷம் செப்டம்பர் 11ஆம் தேதி 11வது சர்க்யூட் அப்பீல் கோர்ட் முழு பெஞ்ச் 6க்கு 4ன்னு மாத்திடுச்சு. 1964ல வந்த அமெரிக்க அரசியலமைப்போட 24வது திருத்தம் வரி கட்டாததால ஓட்டைப் பறிக்கக் கூடாதுங்குது, ஆனா இது வரி இல்ல தண்டனைன்னு சொல்லிட்டாங்க.

வைகைக்கரை:
ஏய் இருங்கப்பா. கரண்ட் பில்லுன்னா ரீடிங் எடுத்து அட்டைல எழுதுவான். அதுகூட இல்லையா அந்தூர்ல? எம்புட்டுன்னு அவனுக்கே தெரியாதாம், ஆனா கட்டலைன்னா ஓட்டு கெடையாதாம். நல்லா இருக்குடா ஒங்க வல்லரசு 😂

கோயமுத்தூரான்:
நம்ம நாட்டுல எப்படிங்க வக்கீலய்யா? ஜெயிலுக்குப் போனவங்க போடலாமுங்களா?

ஹைகோர்ட்_படிக்கட்டு:
சுருக்கமா: 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5). உள்ள இருக்குற வரைக்கும் ஓட்டு கிடையாது, விசாரணைக் கைதிக்கும் கிடையாது. வெளிய வந்துட்டா மறு தேர்தல்லயே போடலாம், பாக்கி கீக்கின்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா இங்கயும் ஒரு வேடிக்கை, விசாரணைக் கைதி தேர்தல்ல நிக்கலாம், 2024ல அப்படி ஒருத்தர் எம்.பி.யே ஆனாரு, தனக்குத் தானே ஓட்டுப் போடத்தான் முடியாது. அமெரிக்காவுல மெய்ன், வெர்மான்ட் ரெண்டு மாநிலத்துல ஜெயிலுக்குள்ள இருந்தே போடலாம். சரி, இழை திசை மாறுது, ஃப்ளோரிடாவுக்கே வாங்க.

பேர்ண்_தம்பி:
நான் சுவிஸில இருக்கிறன். இஞ்ச வருசத்துக்கு நாலு தரம் மட்டில வாக்குக் கடிதம் தபால்ல வரும். ஒரு லட்சம் கையெழுத்தை 18 மாதத்துக்குள்ள சேர்த்தா ஆர் வேணுமெண்டாலும் அரசியலமைப்பை மாத்தக் கேக்கலாம், பிறகு மக்களிலயும் கன்டோன்களிலயும் (கன்டோன் எண்டா மாநிலம் மாதிரி) ரெண்டிலயும் பெரும்பான்மை எடுக்கவேணும். நல்ல முறைதான், நான் குறை சொல்லேல்ல. ஆனா இந்தக் கதையை வாசிக்க எனக்கு வேற ஒண்டு ஞாபகம் வந்தது.

இஞ்ச பொம்பிளையளுக்கு வாக்குரிமை குடுக்கிறதா இல்லையா எண்டு 1959இல வாக்கெடுப்பு வச்சவை. ஆர் வாக்குப் போட்டது? ஆம்பிளையள் மட்டும். மூண்டில ரெண்டு பங்கு வேண்டாம் எண்டவை. பிறகு 1971இலதான் ஓம் எண்டவை. அதுக்குப் பிறகும் அப்பென்செல் இன்னர்ரோடன் எண்ட சின்ன கன்டோன் தங்கட உள்ளூர் விசயங்களில விடேல்ல, 1990 ஏப்ரலில கூட அந்த ஆம்பிளையள் வெளியில கூடி நிண்டு கை தூக்கி வேண்டாம் எண்டவை. அந்த வருசக் கடைசியில ஃபெடரல் கோர்ட்தான் குடுத்தது. என்ர மனிசிக்குச் சொன்னா நம்பேல்ல, தேடிப் பாத்துப்போட்டு அரை மணித்தியாலம் என்னைத் திட்டினவ, நான் என்ன செய்தனான் எண்டு விளங்கேல்ல.

உரிமை இல்லாதவைக்கு உரிமை குடுக்கிறதோ எண்டு உரிமை இருக்கிறவையிட்டக் கேக்கிற வாக்கெடுப்பில, கேக்கப்படுற ஆளுக்கு மட்டும் வாக்கு இல்லை. ஃப்ளோரிடாவிலயும் அதுதானே?

செல்வி_மயாமி:
தம்பி சரியாத் தொட்டீங்க. எங்க டேபிளுக்கு வந்து நோட்டீஸ் கேட்டு நின்னவங்க நிறைய பேருக்குக் கையெழுத்துப் போட உரிமை கிடையாது. ஒருத்தர் வந்தாரு, பேனாவ எடுத்துட்டாரு, நான் வோட்டரான்னு கேட்டதும் பேனாவ வச்சுட்டு "இல்லம்மா, இது எனக்காகத்தான்"னாரு. அப்புறம் போய் காருக்குள்ள இருந்த அவங்க அம்மாவக் கூட்டிட்டு வந்தாரு. அந்தம்மா நிதானமா மூக்குக்கண்ணாடிய மாட்டிப் படிச்சுட்டு போட்டாங்க. 

இயக்கத்த நடத்துன டெஸ்மண்ட் மீடு கதையும் அதான். தண்டனை பெத்து, வீடில்லாம, 2005ல ரயில் தண்டவாளத்து ஓரம் சாகலாம்னு நின்ன மனுஷன், அப்புறம் சட்டக் கல்லூரி முடிச்சாரு. ஆனா ஓட்டு கிடையாது. 2016ல அவர் மனைவி மாநில சட்டசபைக்கு நின்னாங்க, சொந்தப் பொண்டாட்டிக்குப் போட முடியல. அவர்கூட நின்ன நீல் வோல்ஸ் ரிபப்ளிகன் கட்சிக்காரரு. அதனாலதான் அதே நாள் அதே கட்சி டிசாண்டிஸுக்கு ஓட்டுப் போட்ட ஜனமும் இதுக்கும் போட்டுச்சு, அவர் வாங்குனத விட 10 லட்சம் ஓட்டு ஜாஸ்தி வாங்குச்சு இது. அவர் ஜெயிச்ச வித்தியாசம் அரை சதவீதம் கூட இல்ல.

பே_ஏரியா_மணி:
கலிபோர்னியால இருந்து கொஞ்சம் தண்ணி ஊத்துறேன், கோச்சுக்காதீங்க. மக்கள் மனு மக்கள் மனுன்னு புல்லரிக்குது எல்லாருக்கும், இங்க மளிகைக்கடை வாசல்ல கிளிப்போர்டோட நிக்கிறவருக்கு கையெழுத்துக்கு இவ்ளோன்னு காசு. காசு குடுத்து ஆள் வைக்கிறத தடுக்கக் கூடாதுன்னு 1988லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கொலராடோ கேஸ். 2020ல ஊபர், லிஃப்ட் கம்பெனிங்க தங்களுக்கு வேண்டிய சட்டத்த 22ன்னு நம்பர் போட்டுக் கொண்டுவந்து 20 கோடி டாலருக்கு மேல கொட்டி ஜெயிச்சாங்க. அதே தாள்லதான் பரோல்ல இருக்கவங்களுக்கு ஓட்டு தர்ற 17ம் இருந்துச்சு, அதுவும் ஜெயிச்சது. ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம். மக்கள் ரெண்டையும் யோசிச்சாங்களா இல்ல விளம்பரம் யோசிச்சுதா?

ஆனா ஒண்ணு, இங்க மக்கள் போட்ட சட்டத்தை சட்டசபை தானா மாத்த முடியாது, அந்தச் சட்டமே அனுமதிச்சிருந்தா ஒழிய திரும்ப மக்கள்கிட்டதான் வரணும். அது ஃப்ளோரிடாவுல அரசியலமைப்புலயே எழுதியும் நடக்கல பாருங்க.

விடாக்கண்டன்:
மணி சொல்றத நான் வழிமொழியறேன். அதனாலதான் 60% வரம்பு நியாயம். 51 பேர் சேர்ந்து 49 பேரோட அரசியலமைப்பை மாத்தக் கூடாது.

ஆர்லாண்டோ_ராசு:
கண்டா, நீ மாட்டுன 😄 60% வேணும்ங்கற திருத்தம் 2006ல ஓட்டுக்கு வந்துச்சு. எத்தனை வாங்குச்சுன்னு நெனைக்கிற? 57.8%. அன்னிக்கு பாதிக்கு மேல போதும்ங்கற பழைய விதிலதான் பாஸ் ஆச்சு. அதோட புது விதிய அதுக்கே போட்டா ஃபெயிலு! 2024ல கருக்கலைப்புத் திருத்தம் 57% வாங்கித் தோத்துச்சு, கிட்டத்தட்ட அதே அளவு. ஏணில ஏறிட்டு ஏணிய இழுத்துக்கிட்டாங்க.

விடாக்கண்டன்:
சரி அது கொஞ்சம் உறுத்துது. தலைப்பு இப்பதான் புரியுது.

பே_ஏரியா_மணி:
ஒஹாயோல இதையே 2023 ஆகஸ்ட்ல முயற்சி பண்ணாங்க, கருக்கலைப்பு ஓட்டு நவம்பர்ல வருதுன்னு தெரிஞ்சு அவசரமா 60% ஆக்கலாம்னு. அங்க ஜனம் உஷாரு, 57% பேர் வேணாம்னுட்டாங்க. மிசிசிப்பி இன்னும் மோசம். கையெழுத்த 5 காங்கிரஸ் தொகுதில இருந்து வாங்கணும்னு விதி, ஆனா மக்கள்தொகை கணக்கெடுப்புக்கு அப்புறம் மாநிலத்துக்கே 4 தொகுதிதான். 2020ல மருத்துவ கஞ்சாவுக்கு ஜனம் ஓட்டுப் போட்டு ஜெயிச்சாச்சு, 2021 மே மாசம் கோர்ட், 5வது தொகுதி எங்கேன்னு கேட்டு செல்லாதுன்னுடுச்சு. அதோட மொத்த மனு முறையும் காலி.

வைகைக்கரை:
இல்லாத தொகுதில போய் கையெழுத்து வாங்கிட்டு வாங்கறான். வடிவேலு கிணத்தக் காணோம்னது மாதிரி தொகுதியக் காணோம்

ஆர்லாண்டோ_ராசு:
எங்க டிஸ்பாட்ச் அண்ணன் ஏன் பயப்படுறாருன்னு கேட்டேன். 2022 ஆகஸ்ட்ல ஓட்டுப் போட்டதுக்காக 20 பேர கைது பண்ணாங்கல்ல அந்த வீடியோவக் காட்டுனாரு. போலீஸ் சட்டைல மாட்டுன கேமரால எடுத்தது. வீட்டு வாசல்ல விலங்கு மாட்டுறாங்க, அந்த ஆளுங்க "எனக்கு கார்டு குடுத்தீங்களே, அப்புறம் என்ன"ன்னு கேக்குறாங்க. அவங்க கொலை, பாலியல் குற்றம்ங்கற விலக்குல வர்றவங்க, ஆனா பதிவு பண்ண விண்ணப்பத்துல அந்த விலக்கு பத்தி ஒரு வரி இல்ல, உரிமை திரும்ப வந்துருச்சுன்னு ஒரு கட்டத்துல டிக் போடணும் அவ்ளோதான். அரசாங்கமே சரிபார்த்து கார்டு அனுப்பிச்சுது. 2023ல சட்டத்த மாத்தி, இந்த கார்டு இருக்குறதால ஓட்டுப் போடத் தகுதின்னு அர்த்தமில்லன்னு கார்டுலயே அச்சடிக்கச் சொல்லிட்டாங்க. என் கார்டுல பாத்தேன், இருக்கு. அப்ப எதுக்குய்யா அந்தக் கார்டு?

ஹைகோர்ட்_படிக்கட்டு:
ராசு, உங்க முதல் கேள்விக்கு என் கணிப்பு இதுதான். மக்கள் ஜெயிச்சது உரிமைய. நடைமுறை யார் கைல இருந்துச்சோ அவங்க கைலயே இருந்துச்சு: பாக்கி கணக்கு, ஃபாரம், சரிபார்ப்பு, வழக்கு எல்லாம். திருத்தத்துல ஒரே ஒரு வாக்கியம், "எவ்வளவு பாக்கி என்று இத்தனை நாளில் அரசு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பாக்கி இல்லை"ன்னு இருந்திருந்தா கதை வேற. ஆனா 75 வார்த்தைச் சுருக்கத்துல, ஒரே விஷயம்ங்கற விதில, 60% வாங்கற மாதிரி எளிமையா எழுதணும்னா அந்த வாக்கியத்தைத்தான் மொதல்ல வெட்டுவாங்க. நானா இருந்தாலும் வெட்டியிருப்பேன்.

அந்த அண்ணனுக்கு ஒரு வழி இருக்கு. 7066லயே, கட்ட முடியாத பாக்கிய நீதிபதி குறைக்கலாம், சமூக சேவையா மாத்தலாம்னு பிரிவு இருக்கு. தண்டனை ஆன கவுண்டில போய்க் கேக்கணும். இலவச சட்ட உதவி ஆளுங்களப் பார்க்கச் சொல்லுங்க, தனியாப் போய் கார்டை நீட்ட வேணாம்.

கோயமுத்தூரான்:
அப்ப செல்வியக்கா, இப்பவும் டேபிள் போடறீங்களாங்க? எம்பட தங்கச்சி டாம்பால இருக்குது, கிரீன் கார்டு, இந்த மாதிரி வேலைல ஆர்வம் ஜாஸ்தி. உங்ககூட வரட்டுமுங்களா?

செல்வி_மயாமி:
வேணாம் கண்ணு! 2025 மே மாசம் புதுச் சட்டம் வந்துருக்கு. சிட்டிசன் இல்லாதவங்க கையெழுத்து வாங்கப் போகக்கூடாதுன்னு அதுல இருக்கு, ஓட்டுரிமை திரும்பாத பழைய குற்றவாளிகளும் கூடாது. நானே கூட, என்னோடதும் சொந்தக்காரங்களோடதும் போக 25 ஃபாரத்துக்கு மேல வச்சிருந்தா மாநிலத்துல பதிவு பண்ணியிருக்கணும், இல்லன்னா ஃபெலனி. வாங்குன ஃபாரத்தை முன்ன 30 நாளுக்குள்ள குடுக்கணும், இப்ப 10 நாள். வழக்கெல்லாம் போட்டு ஒரு கோர்ட் நிறுத்துறதும் மேல் கோர்ட் திரும்ப விடுறதுமா இழுத்துக்கிட்டு இருக்கு, அதை நம்பி கிரீன் கார்டை பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

யோசிச்சுப் பாருங்க, ஃபெலனில ஓட்டு போனவங்களுக்கு ஓட்டு வாங்கித் தர ஃபாரம் வாங்குனேன் நானு. இப்ப ஃபாரம் வாங்குறதுல கணக்கு தப்புனா எனக்கு ஃபெலனி, எனக்கு ஓட்டு போயிடும். டேபிள் கராஜ்ல இருக்கு. அதுமேல எங்க வீட்டுக்காரரு அவரோட பழைய பெயிண்ட் டப்பாவெல்லாம் அடுக்கி வச்சுட்டாரு.

வைகைக்கரை:
அக்கா அந்த டப்பாவ எறக்கி வைங்க

செல்வி_மயாமி:
😊 பதிவு பண்ணிட்டு எறக்குறேன்ப்பா. ராசு, அந்த அண்ணனுக்கு எந்த கவுண்டில தீர்ப்பு ஆச்சுன்னு கேட்டு எனக்கு தனியா அனுப்பு. இங்க இலவசமா பாக்குற வக்கீல் ஒருத்தரு எனக்குத் தெரியும்.

ஆர்லாண்டோ_ராசு:
கேட்டுட்டேன்க்கா. ரெண்டு கவுண்டியாம். ஒண்ணுல பேப்பரே கெடைக்கலங்கறாங்களாம்.